பத்தாம் திகதிக்குக் காத்திருக்காத காகிதங்கள்

தோட்டத்தில் சம்பளம் பத்தாம் திகதி. இராகலை நகரில் நான் வைத்திருக்கும் சின்னக் கொமியூனிகேஷன் கடைக்குச் சட்டம் வந்து சேர்வதும் பத்தாம், பதினோராம் திகதிகளில்தான். மற்ற நாட்களில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் போட்டோகொப்பி, போனுக்கு ரீலோட், வெளிநாட்டுக்குப் போகிறவர்களுக்கு விண்ணப்பப் படிவம். சம்பளம் விழுந்த மறுநாள் மேசையில் வேறு காகிதங்கள் பரவும். நான்காய் மடித்து, பொலித்தீன் பைக்குள் போட்டு, மழைக்கு நனையாமல் இடுப்பில் செருகிக் கொண்டு வந்தவை. லயக் காம்பராவை விட்டுப் போகச் சொல்லும் அறிவித்தல், லீசிங் கம்பனிக் கடிதம், வலப்பனை நீதிமன்றத்திலிருந்து வந்த அழைப்பாணை. "அக்கா, இதுல என்னா எழுதியிருக்கு?" என்பது முதல் கேள்வி. "இதுக்கு லோயர் வேணுமா?" என்பது அடுத்தது.

நான் சட்டம் படித்தவள் இல்லை. சட்டத்தரணிகளுக்கும் சமாதான நீதவான்களுக்கும் கடிதமும் சத்தியக்கடதாசியும் தட்டச்சு செய்து கொடுத்தே சட்டங்களின் பெயரும் இலக்கமும் வருஷமும் விரலில் ஏறிவிட்டன. அந்த உரிமையில் ஒன்று சொல்கிறேன். "மலையக மக்களுக்குச் சட்ட அறிவு போதாது" என்று மேடைதோறும் பேசுகிறார்களே, அது பாதிதான் சரி. என் மேசையில் தோற்றுப்போய்க் கிடந்த காகிதங்களில் பல, நாள் கடந்து வந்தவை. கையில் காசு வரும் வரைக்கும் மடித்து வைத்திருந்தார்கள். அதற்குள் சட்டம் கொடுத்த தவணை முடிந்துவிட்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், "லோயர் வேணுமா" என்று கேட்கிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் நான் சொல்வது "வேண்டாம்" என்றுதான்.

பெயர்ப் பிரச்சினையை எடுத்துக்கொள்வோம். சேமலாப நிதிக்கான பி காட்டில் "முத்துலச்சிமி", அடையாள அட்டையில் "முத்துலெட்சுமி", பிறப்புச் சான்றிதழில் வெறும் "லெச்சுமி". பிறந்தபோது தோட்டத்து ஆபிசில் ஒருவர் காதில் விழுந்தபடி எழுதினார், வேலைக்குச் சேர்ந்தபோது கிளாக்கர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதினார், அடையாள அட்டைக்கு இன்னொருவர் சிங்களத்தில் எழுதினார். மூன்று எழுத்தும் மூன்று ஆளாகிவிட்டன. 50 வயதில் காசெடுக்கப் போகும்போது மூன்று பேரும் ஒருத்திதான் என்று அவளே நிரூபிக்க வேண்டும். இதற்குத் தோட்ட ஆபிசின் கடிதம், கிராம சேவகரின் உறுதிப்படுத்தல், சமாதான நீதவான் முன்னால் ஒப்பமிட்ட சத்தியக்கடதாசி ஆகியவற்றோடு தொழில் அலுவலகத்துக்குப் போனால் பெரும்பாலும் வழி பிறக்கும். மண்சரிவில் போன பிறப்புச் சான்றிதழுக்கும் அப்படியே. 2025 நவம்பரில் டித்வா புயல் நுவரெலியா மாவட்டத்தைப் புரட்டிப் போட்ட பிறகு, சான்றிதழ் இல்லையே, கோட்டுக்குப் போக வேண்டுமோ என்று பயந்து வந்தவர்கள் உண்டு. பிரதேச செயலகத்தில் உள்ள பதிவாளர் பிரிவில் விண்ணப்பம் கொடுத்தால் பிரதி கிடைக்கும். வலப்பனை இருமொழி நிர்வாகப் பிரிவு. விண்ணப்பத்தைத் தமிழிலேயே கொடுக்கலாம், பதிலையும் தமிழிலேயே கேட்கலாம். கேட்கிறவர்கள் குறைவு.

புருஷன் செலவுக்குக் காசு கொடுப்பதில்லை என்று அழுதுகொண்டு வரும் பிள்ளைகளுக்கும் இதைத்தான் சொல்வேன். 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டப்படி மனைவியே நேராக நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பம் செய்யலாம். கலியாணம் பதிவாகாவிட்டாலும் பிள்ளைக்குத் தகப்பனிடம் செலவுக் காசு கேட்க வழி உண்டு. அடி உதை என்றால் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம், பொலிசாரே அவளுக்காக விண்ணப்பிக்கவும் முடியும். இவற்றுக்குச் சட்டத்தரணி இருந்தால் நல்லது. இல்லையென்று வீட்டில் உட்கார்ந்திருக்கத் தேவையில்லை.

ஆனால் பிரிவது வேறு கதை. பொலிசில் இரண்டு பேரும் கையெழுத்து வைத்து, "இனி ஒருவர் வாழ்க்கையில் ஒருவர் தலையிடமாட்டோம்" என்று எழுதிய கடதாசியைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். சிலர் அதற்கு முத்திரையும் ஒட்டியிருக்கிறார்கள். அது விவாகரத்து ஆகாது. எங்கள் கலியாணங்களுக்கு மாவட்ட நீதிமன்றம் கொடுக்கும் தீர்ப்பு ஒன்றுதான் விவாகரத்து. அந்தக் கடதாசியை நம்பி இரண்டாம் கலியாணத்தைப் பதிவு செய்தால் அது தண்டனைக் குற்றம். இந்த வழக்கைச் சட்டத்தரணி இல்லாமல் கொண்டுபோகப் பார்ப்பது வீண்.

வேலி எல்லை, மாடு மேய்ந்த மரக்கறித் தோட்டம், திரும்பி வராத கைமாற்று, உடைந்துபோன சீட்டு, இவையெல்லாம் மத்தியஸ்த சபைக்குரியவை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தில் உருவான இந்தச் சபைகளில் சட்டத்தரணி வந்து வாதாட இடமே இல்லை. இரண்டு தரப்பும் நேரில் பேச வேண்டும். குறிப்பிட்ட தொகைக்குக் கீழான பல பிணக்குகளில் சபைக்குப் போய், இணக்கம் வரவில்லை என்ற சான்றிதழ் வாங்காமல் நீதிமன்றம் வழக்கை எடுக்காது. எங்கள் சனம் பயமில்லாமல் போகிற ஓரிடம் இதுதான். காரணத்தைத் தேடி அலைய வேண்டாம். சபை வார இறுதியில், பெரும்பாலும் பள்ளிக்கூடக் கட்டடத்தில் கூடுகிறது. பேர் போகாது.

தோட்டத்துக்கு வெளியே இருக்கிறவர்களுக்கு "பேர்" என்றால் என்னவென்று சொல்ல வேண்டும். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டில் பேர் விழுந்தால்தான் அன்றைய சம்பளம். வலப்பனைக்கோ நுவரெலியாவுக்கோ ஓர் அலுவலாகப் போனால் பேர் போச்சு, பஸ் காசு போச்சு, சாப்பாட்டுக் காசு போச்சு. போன இடத்தில் "ஐயா இன்னைக்கு வரல்ல" என்றால் எல்லாம் இரண்டு மடங்கு. சட்டத்தரணி வாங்கும் காசை மட்டும் வைத்துச் செலவைக் கணக்குப் போடுகிறவர்களுக்கு இது தெரியாது. அதனால்தான் எங்கள் ஆட்கள் சட்டக் கேள்வியை முதலில் கிட்ட இருக்கிறவரிடம் கேட்கிறார்கள். தோட்டத் தலைவர், கோயில் தர்மகர்த்தா, என்னைப் போல் கடை வைத்திருக்கிறவர்கள்.

தலைவர்மாரைக் குறை சொல்வது இன்று எல்லோருக்கும் சுலபம். எனக்கு அந்த வழக்கம் இல்லை. தொழிற்சங்கம் இல்லாவிட்டால் எங்கள் அம்மாமார் கண்ட சம்பளம்கூட வந்திராது. ஆனால் "நாங்க தொரக்கிட்ட பேசுறோம், பொறுங்க" என்ற ஒரு சொல்லில் எத்தனை பேருக்கு வேலை போயிருக்கிறது! வேலையிலிருந்து நீக்கினால் தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்க ஆறு மாதம்தான். தலைவர் பேசிய நாட்களைக் கழித்துத் தரும்படி அந்தச் சபையிடம் கேட்க முடியாது. பேசட்டும். அதே வாரத்தில் விண்ணப்பமும் போகட்டும். அங்கே தொழிலாளிக்காகச் சங்கமே ஆஜராகலாம் என்று சட்டம் சொல்கிறது. மாதாமாதம் செக்ரோலில் சந்தா வெட்டுகிற சங்கம், தன் அங்கத்தவர் எவரெவரை எந்தத் திகதியில் நிறுத்தினார்கள் என்று ஒரு கொப்பியில் எழுதி வைக்காவிட்டால் அந்தச் சந்தா எதற்கு?

இனி சேவைக்காலப் பணம். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டம் நாட்சம்பளக்காரருக்கு வருஷத்துக்கு 14 நாள் சம்பளம் என்கிறது. ஐந்து வருஷம் வேலை செய்திருக்க வேண்டும், வேலை முடிந்து 30 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். 2024இல் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபாயை வைத்துக் கணக்குப் பார்த்தால், 30 வருஷம் கொழுந்தெடுத்தவளுக்கு 420 நாள் சம்பளம், 567,000 ரூபாய். இந்தக் கணக்கைக் கடைக் கல்குலேட்டரில் போட்டுக் காட்டும்போது பெரும்பாலும் அவர்கள் பேசுவதில்லை. இன்னொரு தரம் போட்டுக் காட்டச் சொல்வார்கள்.

"காம்பராவக் கையளிச்சாத்தான் காசு" என்று சில தோட்டங்களில் சொல்கிறார்கள். பணிக்கொடையைப் பிடித்து வைப்பதற்குச் சட்டம் ஏற்கும் காரணங்கள் வேறு: மோசடி, பண முறைகேடு, வேண்டுமென்றே சேதம் விளைவித்தது போன்றவற்றுக்காக வேலை நீக்கப்பட்டிருக்க வேண்டும், அப்போதும் நட்டத்தின் அளவுக்குத்தான் வெட்டலாம். அந்தப் பட்டியலில் காம்பரா கிடையாது. தாமதித்தால் மேலதிகத் தொகையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இதற்குத் தொழில் அலுவலகத்தில் எழுத்தில் முறைப்பாடு கொடுத்தால் போதும். தொழில் ஆணையாளர் நீதவான் நீதிமன்றம் வழியாக அறவிட முடியும். முறைப்பாட்டின் பிரதியில் "பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்தும் திகதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள். ஐந்து ரூபாய் போட்டோகொப்பியைக் காசு மிச்சம் பிடிக்கும் இடமாக நினைக்காதீர்கள். இதை நான் கடைக்காரி என்பதால் சொல்வதாக நினைத்தாலும் பரவாயில்லை.

சரி, எங்கேதான் சட்டத்தரணியிடம் போக வேண்டும்? என்னைக் கேட்டால், அந்த 567,000 ரூபாய் கைக்கு வந்த அன்றைக்கு.

ஆயுள் முழுதும் லயத்தில் கிடந்தவர்களுக்குச் சொந்தமாக ஒரு துண்டு மண் வேண்டும் என்ற ஆசையைத் தப்புச் சொல்ல யாரால் முடியும்? பக்கத்துக் கிராமத்தில் பத்துப் பேர்ச் காணி இருக்கிறது என்று தரகர் வருவார். விற்கிறவரும் நல்ல மனுஷர், வருஷக் கணக்கில் தெரிந்த முகம். முத்திரை ஒட்டிய கடதாசியில் எழுதி, சமாதான நீதவானின் சீலும் வாங்கி, காசைக் கைமாற்றிவிட்டு, "எங்க காணி உறுதி" என்று அதை லெமினேட் பண்ண என்னிடம் கொண்டு வருவார்கள். லெமினேட் பண்ணிக் கொடுக்கும்போது கை கூசும். இந்த நாட்டில் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் முதற்கொண்டு, நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதப்படாத காணி விற்பனை செல்லாது. சமாதான நீதவானின் சீல் சத்தியக்கடதாசிக்குப் பெறுமதியானது. காணி வாங்கித் தர அதற்கு வலுவில்லை.

அதைவிடப் பெரிய குழி ஒன்று இருக்கிறது. வலப்பனைப் பக்கத்துக் கிராமக் காணிகளில் பல 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசாங்கம் கொடுத்த அனுமதிப்பத்திரக் காணிகள், அல்லது சுவர்ணபூமி, ஜயபூமி அளிப்புகள். பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் அவற்றை விற்க முடியாது. விற்றவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை, அவருக்கே தெரியாமல் இருக்கலாம். அவர் கண் மூடிய பிறகு அவருடைய பிள்ளைகள் வந்து, "இது அப்பாவின் பேரில் உள்ள காணி" என்றால் வாங்கியவரிடம் காட்ட ஒன்றும் இராது. ஒரு சட்டத்தரணி அல்லது நொத்தாரிசு நுவரெலியாக் காணிப் பதிவகத்தில் பதிவேட்டைத் தேடிப் பார்த்துச் சொல்ல வாங்கும் கட்டணம், காணியின் விலையோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை. வழக்கு வந்த பிறகு லோயரைத் தேடி ஓடுகிற சனம், வழக்கு வராமலிருக்க லோயருக்குக் காசு கொடுப்பதை ஏன் வீண் செலவாக நினைக்கிறது என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

லயத்தைப் பற்றியும் ஒரு பொய்யான ஆறுதல் எங்களுக்குள் ஓடுகிறது. "பத்து வருஷம் இருந்தா எடம் நமக்குச் சொந்தம்." ஆட்சியுரிமையில் பத்து வருஷக் கணக்கு உண்மைதான், தனியார் காணிக்கு. அரச காணிக்கு எதிராக அது ஓடாது. 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் கம்பனிகளின் கைக்குக் குத்தகைக்குப் போயின. மண் அரசாங்கத்தினது. கொள்ளுப்பாட்டன் காலம் முதல் அதே இஸ்தோப்பில் படுத்து எழும்பியவர்களுக்கு அந்தக் கணக்கில் ஒரு நாள்கூடச் சேரவில்லை. இது நியாயமா என்று கேட்டால், இல்லை. அது பாராளுமன்றத்தில் தீர வேண்டிய வழக்கு. வீடும் ஏழு பேர்ச் காணியும் என்று அரசாங்கம் கொடுத்தவை இன்னும் எத்தனையோ குடும்பத்துக்கு எட்டவில்லை. ஆனால் அறிவித்தல் கையில் வந்த நிமிஷத்தில் நியாயம் பேசிக்கொண்டிருக்க நேரமில்லை. 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், அரச காணியை விட்டுப் போகச் சொல்லி வரும் அறிவித்தலில் 30 நாள் தவணை இருக்கும். அது முடிந்து நீதவான் முன்னால் போனால், அவர் கேட்கக்கூடிய கேள்வி அநேகமாக ஒன்றே: குடியிருக்க அரசாங்கம் எழுத்தில் கொடுத்த செல்லுபடியான அனுமதி இருக்கிறதா? பிள்ளைகள் எத்தனை, எத்தனை வருஷம் கொழுந்தெடுத்தாய் என்பதெல்லாம் அங்கே எடுபடாது. அறிவித்தலே சட்டப்படி வந்ததா, அனுப்பியவருக்கு அதிகாரம் இருந்ததா, மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போக வேண்டுமா என்று பார்ப்பது சட்டத்தரணியின் வேலை. இதற்குப் பத்தாம் திகதி வரை பொறுக்கக் கூடாது. கடன் வாங்கியாவது அன்றைக்கே போக வேண்டும்.

பொலிசும் அப்படித்தான். சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில், "சரி, இதுல கையெழுத்துப் போடு" என்றால் போட்டுவிட்டு வருகிறார்கள். என்ன எழுதியிருந்தது என்று கேட்டால், "நல்லாத்தான் எழுதியிருப்பாங்க" என்பார்கள். தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. நீதிமன்றத்தில் தமிழில் பேசவும் ஆவணம் கொடுக்கவும், மொழி விளங்காதவருக்கு அரச செலவில் மொழிபெயர்ப்பு பெறவும் அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை இடம் தருகிறது. பொலிசில் தமிழில் எழுதச் சொல்லிக் கேளுங்கள், ஆள் இல்லையென்றால் வாசித்து விளக்கச் சொல்லுங்கள், விளங்காததில் ஒப்பமிடாதீர்கள். வீட்டு ஆளைப் பிடித்துக்கொண்டு போனால் 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும் என்பது பொது விதி. அந்த 24 மணித்தியாலத்துக்குள்ளேயே சட்டத்தரணியைப் பிடிக்க வேண்டும். பொலிஸ் நிலையத்துக்கே அவர் வந்து பேச முடியும். அடித்துவிட்டார்கள் என்றால் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதம்தான் தவணை. அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு 1996 என்ற இலக்கத்திலாவது அழைத்து முறைப்பாட்டைப் பதிய வேண்டும்.

பிணைக் கையெழுத்தைப் பற்றி நீட்டப் போவதில்லை. தம்பியின் முச்சக்கரவண்டிக்கு, மச்சானின் நுண்கடனுக்கு, "சும்மா ஒரு கையெழுத்து" என்று கேட்பார்கள். கடன்காரர் கட்டாவிட்டால் முழுக் கடனும் உங்களுடையது. அவ்வளவுதான்.

காசில்லாதவர்களுக்கு 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தில் உருவான சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. நாடெங்கும் நீதிமன்றங்களை அண்டி அதன் அலுவலகங்கள் இயங்குகின்றன. நல்ல ஏற்பாடு. ஆனால் அதுவும் வேலை நாளில், நகரத்தில்தான். இலவச ஆலோசனைக்காக ஒரு பேரை இழக்க வேண்டியிருப்பதை அதை வகுத்தவர்கள் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை. மத்தியஸ்த சபையால் வார இறுதியில் கூட முடிகிறதென்றால், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு சட்டத்தரணி இராகலைக்கோ உடப்புசல்லாவைக்கோ வந்து பள்ளிக்கூட மேசையில் உட்கார ஏன் முடியாது?

அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. பல தோட்டங்களில் தபால்காரர் ஆபிஸ் வரைதான் வருவார். லயத்துக்குத் தனி விலாசம் இல்லை. ஒரே தோட்டப் பெயருக்கு நூற்றுக்கணக்கான குடும்பம். கடிதம் ஆபிசில் கிடந்து, யார் கையிலோ மாறி, பிரட்டில் கூப்பிட்டுக் கொடுத்து, சிலது பக்கத்து லயத்தில் அதே பெயர்க்காரியிடம் போய், எங்கள் மேசைக்கு வரும்போது அறிவித்தலின் 30 நாளில் எத்தனை மிச்சமிருக்கும் என்று நீங்களே பாருங்கள். அதனால் நான் கடிதத்தை வாசிக்குமுன் கவரைக் கேட்பேன். தபால் முத்திரையில் உள்ள திகதி சில நேரம் வழக்குக்கே உதவும். பெரும்பாலும் கவரை அடுப்பில் போட்டிருப்பார்கள்.

சட்ட விழிப்புணர்வுக் கருத்தரங்கு, பனர், தேநீர், சான்றிதழ் எல்லாம் நடக்கட்டும். 2018இல் பிரதேச சபைச் சட்டத்தைத் திருத்தி, தோட்டங்களுக்குள்ளும் சபை வேலை செய்ய வழி திறந்தார்கள். ஆகவே, "தோட்டம் எங்கள் எல்லைக்குள் இல்லை" என்ற பழைய பதில் இனி வலப்பனைப் பிரதேச சபைக்கு உதவாது. தபால் திணைக்களத்தையும் கூட்டிக்கொண்டு வந்து ஒவ்வொரு லயக் காம்பராவுக்கும் ஓர் இலக்கம் அடித்து, அந்த இலக்கத்துக்கு வந்த கடிதம் அந்தக் கதவில் சேரும்படி செய்து தாருங்கள். அதற்கு எவ்வளவு பெயின்ட் வேண்டும் என்று நானே கணக்குப் போட்டு அடித்துத் தருகிறேன், தட்டச்சுக் கூலி வேண்டாம்.